எண்ணா, எழுத்தா?

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசியில் வெயிலுக்குக்கூட ஓர் ஈரம் வந்துவிடுகிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே நுழைந்த காற்று, காசி விசுவநாதர் கோயில் பெரிய கோபுர வாசலில் ஆளைப் பிடித்துத் தள்ளுகிறது. மேற்கே மலைமுகடு மேகத்துக்குள் மறைந்துகொள்கிறது. நினைத்தால் வெளியே வந்து முகம் காட்டுகிறது. அப்படியொரு பிற்பகலில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அண்ணன் மகள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தாள். நிரல் எழுதப் படிக்கிற பிள்ளை. குற்றாலத்து லாட்ஜில் அறை பதிவு செய்வதற்கு ஒரு நிரல், பயிற்சிக்காக எழுதிக்கொண்டிருந்தாள். பெயர் கேட்டாயிற்று, ஊர் கேட்டாயிற்று. மூன்றாவது கேள்வி: ‘எத்தனை பேர்?’

அந்தக் கேள்விக்கு அடியில் அவள் எழுதிய இரண்டு வரிகளில் என் கண் நின்றுவிட்டது. வந்த பதில் எண்தானா, எழுத்தா என்று தொட்டுப் பார்க்கும் வரிகள். நிரல் எழுதுகிறவர்கள் நாளொன்றுக்குப் பத்து முறை எழுதிவிட்டுக் கடந்துபோகிற வரிகள் அவை. பூக்காரம்மா சரத்தின் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையில் தருவாளே, அந்த ஒரு நொடி இழுப்பின் அழகு அவற்றில் இருக்கிறது. வாருங்கள், அவற்றின் பக்கத்தில் கொஞ்சம் உட்காருவோம்.

முதலில் பதில்களைப் பாருங்கள். சீசனில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் ‘எத்தனை பேர்?’ என்றால் வெறும் 5 என்றா சொல்கிறார்கள்? ‘நாங்க 5 பேர்’ என்பார் ஒருவர். ‘ஐந்து’ என்பார் இன்னொருவர். கைக்குழந்தையோடு வந்தவர் ‘5+1’ என்பார், அந்த ஒன்றைச் சொல்லும்போது குரலே குழைந்துவிடும். லாட்ஜ் வரவேற்பில் இருப்பவருக்கு இவை எல்லாமே விளங்கும். கணினிக்கோ இவை அனைத்தும் வரிசையாக வந்து நிற்கும் எழுத்துகள். பைத்தான் மொழியில் பயனர் எதைத் தட்டினாலும் அது எழுத்துச் சரமாகவே உள்ளே வருகிறது. 5 என்று தட்டினாலும் வருவது ஐந்து என்னும் அளவு அல்ல. ஐந்தின் உருவம், ஒரு சித்திரம். இந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வந்தவர் சொன்னதை, சொன்ன வடிவம் மாறாமல் முதலில் இரு கையாலும் வாங்கிக்கொள்கிறது. பொருள் கொள்வது அப்புறம்.

அந்த ‘அப்புறம்’ விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதையும் பிள்ளை எனக்குக் காட்டினாள். பெரியவர்கள் 2, குழந்தைகள் 3 என்று கொடுத்தாள். கூட்டச் சொன்னாள். திரையில் 23 என்று வந்தது. “பாத்தீங்களா சித்தப்பா, அஞ்சு பேருக்கு இருபத்து மூணு தலையணை” என்று சிரித்தாள். இரண்டு எழுத்துகளைக் கூட்டச் சொன்னால் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவைப்பதுதானே முறை? ‘தென்’னையும் ‘காசி’யையும் சேர்த்தால் தென்காசி ஆவதுபோல 2ஐயும் 3ஐயும் சேர்த்தால் 23. தன்னளவில் அது பிசகே இல்லாத விடை. ஒரே கூட்டல் குறி, எழுத்தென்றால் கோக்கிறது, எண்ணென்றால் பெருக்கி வளர்க்காமல் அளவாகக் கூட்டித் தருகிறது. எது வேண்டும் என்பதை நாம்தான் முன்னால் சொல்லியாக வேண்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் கை இன்னும் தாராளம். அதன் ‘பார்ஸ்இன்ட்’ என்னும் செயற்கூறிடம் ‘5 பேர்’ என்று கொடுத்தால், முன்னால் நிற்கும் 5ஐ மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு ‘பேர்’ என்பதை அப்படியே விட்டுவிடுகிறது. பலாச்சுளையை எடுத்துக்கொண்டு சடையை ஒதுக்குகிற விரல்போல எவ்வளவு நேர்த்தி! ‘5+1’ என்று கொடுத்தாலும் அதே நேர்த்தியோடு 5 என்கிறது. குழந்தை அருவிக்கரையிலேயே நின்றுவிடுகிறது. ‘நம்பர்’ என்னும் மற்றொரு செயற்கூறு கறாரானது. ‘5 பேர்’ என்றாலே எண் அல்ல என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட கறார் ஆளும், பதில் பெட்டியை வெறுமையாக விட்டால் அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்கிறது. ஒன்றும் சொல்லாமல் நிற்பவரும், ‘யாரும் வரவில்லை’ என்று சொல்பவரும் ஒன்றா? எண்ணா என்று கேட்பதற்கு முன்னால், ‘ஏதாவது சொன்னீர்களா?’ என்று பரிவோடு கேட்கும் இன்னொரு வரியைச் சேர்ப்பவரே என் கண்ணுக்கு நல்ல நிரலர்.

குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. ஒரு பாட்டைக் கையில் எடுத்தால் லேசில் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார் என்பார்கள். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி அருவிக்கரைக்கு வந்தது அந்த நிறுத்தத்துக்காகத்தான். ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து, அது தன் வாசனையை விடும்வரை காத்திருக்கும் பழக்கம் இந்த மண்ணுக்கு அவர் தந்துபோனது. அந்தத் துணிச்சலில்தான் நானும் ஒற்றை இலக்கம் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்கிறேன்: 7.

கணினிக்குள் 7 என்னும் எழுத்துக்கு ஓர் எண் உண்டு. 1963இல் வெளிவந்த ஆஸ்கி என்னும் குறியீட்டு முறையில் 0 என்னும் எழுத்தின் இருப்பிடம் 48. 9இன் இருப்பிடம் 57. நடுவில் எல்லாம் வரிசை குலையாமல் நிற்கின்றன. அதனால் ஓர் எழுத்து இலக்கமா என்று அறிய அகராதி எதையும் புரட்ட வேண்டாம்; 48க்கும் 57க்கும் இடையில் குடியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். குடியிருந்தால், 48ஐக் கழித்த மாத்திரத்தில் உருவத்துக்குள்ளிருந்து அளவு வெளியே வந்துவிடும். 55இல் 48 போனால் 7. இதே முகவரியை இரும எண்ணில் எழுதிப் பாருங்கள்: 0011 0111. முதல் பாதி, ‘நான் இலக்கங்கள் தெரு’ என்கிறது. பின்பாதி 0111, அதுவே ஏழு! வீட்டுப் பெயரையும் வீட்டுக்காரரையும் ஒரே பலகையில் எழுதிவைத்த மாதிரி. இப்படி அமைத்தவர்களின் கையை நினைத்தால் எனக்கு இன்றும் ஓர் இனிய வியப்பு.

இனித்தான் நம் வீட்டுக்கு வருகிறோம். எண்ணா, எழுத்தா என்னும் கேள்வி உலகின் மற்ற மொழிகளைவிடத் தமிழுக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். நம்முடைய ஒன்று ‘௧’. அது க போலவே இருக்கிறது. இரண்டு ‘௨’, உகரம். ஏழு ‘௭’, எகரம். எட்டு ‘௮’, அகரம். பத்து ‘௰’, யகரம். கால் என்னும் பின்னத்துக்கு வகரம். ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்றில், எட்டையும் காலையும் இணைத்து ‘அவ’ என்று திட்டுகிற குறும்பு உண்டே, அதன் முழு ருசியும் இந்த முகஒற்றுமையில்தான் இருக்கிறது. ஓலையிலும் கல்லிலும் படிக்கிறவர்கள், ஒவ்வொரு வரியிலும் ‘நீ எண்ணா, எழுத்தா?’ என்று கேட்டுக் கேட்டே படித்திருக்கிறார்கள்.

யூனிகோடு இந்த இரட்டையர்களைப் பிரித்துவைத்த விதம் எத்தனை நயமானது! க என்னும் எழுத்துக்கு இருப்பிடம் 2965. ௧ என்னும் ஒன்றுக்கு 3047. உகரம் 2953, இரண்டு 3048. கண்ணுக்கு ஒரே முகம். உள்ளே பிறவி வேறு. தமிழின் பத்து இலக்கங்களும் 3046 முதல் 3055 வரை ஆஸ்கியின் ஒழுங்கோடு வரிசையாக நிற்கின்றன. இதில் பூச்சியம் மட்டும் கடைசியாக, 2005இல் வெளிவந்த யூனிகோடு 4.1இல்தான் வந்து அமர்ந்தது. அதன் இடம் அதுவரை காலியாக இருந்தது. பந்திக்கு வரவேண்டியவருக்கு இலை போட்டு வைத்திருந்ததுபோல.

பிள்ளையிடம் சொன்னேன்: “எத்தனை பேர்ங்கிற எடத்துல ௧௨ன்னு தமிழ் இலக்கத்துல அடிச்சுப் பாரு.” அடித்தாள். பைத்தான் ஒரு தயக்கமும் இல்லாமல் 12 என்றது. அவளுக்குக் கண் விரிந்தது. க, உ என்று எழுத்தாகவே தட்டினாள். முடியாது என்று பிழை காட்டியது. திரையில் இரண்டு வரியும் ஒன்றுபோலவே தெரிந்தன. ஒன்று உள்ளே போயிற்று, மற்றது வாசலில் நின்றது. ஜாவாஸ்கிரிப்டிடம் இதே ௧௨ஐக் கொடுத்தால் எண் என்று ஏற்காது. அதற்கு 0 முதல் 9 வரைதான் உறவு. பைத்தானின் சொந்தபந்தம் பெரிது.

அந்தப் பெரிய சொந்தத்தைச் சலித்தெடுக்க பைத்தான் மூன்று சல்லடைகள் வைத்திருக்கிறது. ‘இஸ்டெசிமல்’ மிக நுண்ணிய கண். இடமதிப்போடு எழுதக்கூடிய இலக்கங்கள் மட்டுமே அதில் இறங்கும். 5 இறங்கும், ௫ இறங்கும். ‘இஸ்டிஜிட்’ சற்றே அகலம். ஓர் எழுத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கும் சின்னஞ்சிறு ² கூட அதில் இறங்கிவிடும், ஆனால் அதை எண்ணாக மாற்றப் போனால் மறுக்கும். ‘இஸ்நியூமெரிக்’ அகன்ற கண். அளவைச் சொல்லும் எந்தக் குறியும் அதில் போகும்: சீனர்களின் ஐந்து, அரை என்னும் பின்னக்குறி, நம்முடைய ௰, ௱, ௲. புட்டுக்கு மாவு சலிக்கிற சல்லடையும் ரவை சலிக்கிற சல்லடையும் ஒன்றாகுமா? எதற்காகச் சலிக்கிறோம் என்று தெரிந்தவர் கையில்தான் சல்லடைக்கு அழகு. ‘எத்தனை பேர்?’ என்று கேட்கிற இடத்துக்கு முதல் சல்லடையே சரி.

எழுத்தா என்று நேரே கேட்டால் என்ன என்று பிள்ளைக்கு ஓர் ஆசை. ‘இஸ்ஆல்ஃபா’ என்னும் செயற்கூறிடம் ‘தென்காசி’ என்று கொடுத்தாள். இல்லை, எழுத்தில்லை என்றது! க தனியாகக் கொடுத்தால் எழுத்து என்கிறது. கா என்றால் மறுக்கிறது. யூனிகோடு கணக்கில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்தைச் சார்ந்த குறிகள். எழுத்து என்னும் வகைக்குள் அவை வருவதில்லை. தென்காசியில் ஒற்றைக்கொம்பு இருக்கிறது, புள்ளி இருக்கிறது, துணைக்கால் இருக்கிறது, மேல்விலங்கும் இருக்கிறது. ஒரு மெய்க்குள் உயிர் ஏறிக் குடியிருப்பதை நாம் ஓரெழுத்தாகக் காண்கிறோம். அந்தச் செயற்கூறு உடலையும் உயிரையும் தனித்தனியாக எண்ணுகிறது. ஆகையால் தமிழ்ப் பெயர்களைக் கேட்கிற இடத்தில் ‘எழுத்தா?’ என்று கேட்காமல், ‘எண்ணா?’ என்று மட்டும் கேட்டுவிட்டு, மற்றதை எல்லாம் எழுத்தென்று மரியாதையாக ஏற்பதே பாங்கு.

இலக்கங்களால் ஆனதெல்லாம் எண் ஆகிவிடுவதும் இல்லை. தென்காசியின் தொலைபேசிக் குறியீடு 04633. இதை எண்ணாக மாற்றிவைத்தால் முன்னால் இருக்கும் பூச்சியம் உதிர்ந்து 4633 ஆகிவிடும். ஊருக்கு அழைப்பு வராது. தென்காசியின் அஞ்சல் குறியீடு 627811, குற்றாலத்தினுடையது 627802. இரண்டையும் கூட்டி என்ன செய்ய? கழித்தால் வரும் 9, இரண்டு ஊர்களுக்கும் உள்ள தொலைவா? இவை இலக்கங்களால் கோத்த பெயர்கள். கூட்டவும் பெருக்கவும் பொருளுண்டா என்று நெஞ்சைக் கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் எழுத்தாகவே வைத்துக்கொள்கிற விவேகம் நிரல் கலையின் மிக மெல்லிய நயங்களில் ஒன்று.

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் அலுவலகம் திறந்தது. சுற்றிலும் வயல், பின்னால் மலை. உலகெங்கும் பயன்படும் ஜோஹோ டெஸ்க் என்னும் வாடிக்கையாளர் சேவை மென்பொருள் இந்தத் தென்காசி மண்ணில் உருவானது. பள்ளிப் படிப்பு முடித்த பிள்ளைகளைச் சேர்த்து நிரல் சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் அவர்களுக்கு இங்கே உண்டு. அதே நிறுவனத்தின் ஜோஹோ கிரியேட்டரில் ஒரு படிவம் அமைத்துப் பாருங்கள். எண்ணுக்கு ஒரு கட்டம், தசம எண்ணுக்கு ஒரு கட்டம், பணத்துக்கு ஒரு கட்டம், தொலைபேசிக்குத் தனியாக ஒரு கட்டம். தொலைபேசி எண்ணை எண்கள் கூட்டத்தில் தள்ளிவிடாமல் தனிப்பாய் விரித்து உட்கார வைத்திருக்கிறார்களே, அதில்தான் என் மனம் தங்குகிறது. இன்னொன்றும் உண்டு: இன்றைய வலைப்படிவங்களில், எண் கேட்கிற கட்டத்தைத் தொட்டதும் கைப்பேசியில் எழுத்துப் பலகை விலகி எண்பலகை மட்டும் எழும்பி வரும்படி செய்யலாம். தவறாகச் சொன்னபின் திருத்துவதைவிட, சரியாகச் சொல்லும் வழியை முன்னாலேயே கையில் கொடுத்துவிடுகிற உபசாரம் அது.

‘எண் அல்ல’ என்பதற்கும் கணினி ஒரு மதிப்பு வைத்திருக்கிறது, நேன் என்பார்கள். புள்ளி வைத்த எண்களுக்காக 1985இல் வகுக்கப்பட்ட ஐஇஇஇ 754 என்னும் தரத்தில் அதற்கு இடம் கொடுத்தார்கள். ஜாவாஸ்கிரிப்டிடம் ‘நேன் என்ன வகை?’ என்று கேட்டால் ‘எண்’ என்று பதில் வரும். எண் அல்லாததும் எண் வீட்டுப் பிள்ளைதான்! அதைவிட அழகு, நேன் தனக்குத் தானே சமம் ஆகாது. ஒரு மதிப்பை அதனோடேயே ஒப்பிட்டு, சமம் இல்லை என்று விடை வந்தால், அது நேன். கணக்கு எங்கோ நடுவில் அறுந்துபோயிற்று என்பதை மறைக்காமல், பொய்யாக ஒரு பூச்சியம் போட்டு மூடாமல், கடைசி விடைவரை சுமந்துகொண்டு வருகிற அந்த நேர்மை எனக்கு உருக்கமாக இருக்கிறது.

மழை கனத்ததும் உள்ளே போனோம். பரணிலிருந்து இறக்கிவைத்த பழைய நாள்வழிக் கணக்கு ஒன்று கூடத்தில் கிடந்தது. அம்மாவின் அப்பா நெல் மண்டியில் கணக்கெழுதியவர், அவர் கையெழுத்து. பழுப்பேறிய தாளில் மசி இன்னும் கறுப்பு மாறாமல் இருக்கிறது. ‘விரோதி௵ ஆனி௴ ௰௨௳’ என்று ஒரு தலைப்பு. விரோதி வருஷம், ஆனி மாதம், பன்னிரண்டாம் நாள். 1949இல் இதே சாரல் காலம். பிள்ளையின் விரல் ஒவ்வொரு குறியாகத் தொட்டுக்கொண்டு போனது. ௵ வருடம் என்கிறது, ௴ மாதம், ௳ நாள். பணத்துக்கு முன்னால் ௹. வரவென்றால் ௷, பற்றென்றால் ௶, மேற்படி என்றால் ௸. எண்ணுக்கும் எழுத்துக்கும் முகம் ஒன்றாகிப்போன மொழியில், ஒவ்வொரு எண்ணின் தோளையும் தொட்டு ‘இது நாள்’, ‘இது பணம்’ என்று அறிவிக்கிற குறிகள்! இன்று நிரலில் ஒவ்வொரு மாறிக்கும் வகை அறிவிக்கிறோமே, அந்த வேலையைப் பிள்ளையின் கொள்ளுத்தாத்தா ஒற்றைச் சுழிப்பில் முடித்திருக்கிறார். இந்தக் குறிகளுக்கு யூனிகோடிலும் 2003 முதல் இடமுண்டு.

அவர் எழுதிய ௰௨ஐப் பிள்ளை அப்படியே தட்டினாள். மூன்றாம் சல்லடை ‘ஆம், எண்குறிகள்’ என்றது. எண்ணாக மாற்றச் சொன்னால் மறுத்தது. பத்துக்கென்று தனிக்குறி வைத்து எழுதுகிற பழைய முறை அதற்குத் தெரியாது. அவள் விடவில்லை. எழுத்தெழுத்தாக நடந்து, இலக்கம் வந்தால் கையில் வைத்துக்கொண்டு, ௰ ௱ ௲ வந்தால் கையில் உள்ளதோடு பெருக்கிச் சேர்த்து, கையில் ஒன்றுமில்லை என்றால் ஒன்றென்று கொண்டு, இப்படி எட்டு வரியில் ஒரு செயற்கூறு எழுதினாள். ௰௨ கொடுத்தாள். 12. தென்காசி மாவட்டம் பிறந்த ஆண்டை ௨௲௰௯ என்று கொடுத்தாள். 2019. எழுபது வருடத்துக்கும் முந்தைய கை எழுதியது இன்றைய திரையில் எண்ணாகி நின்றது.

அப்புறம் அடுத்தடுத்த தாள்களைப் புரட்டினாள். ஒவ்வொரு தாளிலும் உச்சியில், நடுவில், எதோடும் ஒட்டாமல் ஒரே ஒரு குறி. அதையும் தட்டிப் பார்த்தாள். ௨ என்று தட்டினால் நிரல் எண் என்றது, உ என்று தட்டினால் எழுத்து என்றது. எதைத் தட்டுவது?

“ஆச்சி, எல்லாப் பக்கத்துலயும் மேல தனியா ஒரு ரெண்டு நிக்கே, இது எதுக்கு? எதைக் கூட்டணும்?”

அம்மா கண்ணாடியை மேலேற்றிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தாளை ஒரு விரலால் தடவினாள்.

“அது எண்ணும் இல்ல, எழுத்தும் இல்ல தாயி. பிள்ளையார் சுழி.”